மீனில்லாத தொட்டி

ஜனவரி 14

அன்புள்ள அண்ணா,

இங்கே நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் மட்டும் குளிருக்கு முரண்டு பிடிக்கிறது. கண்டக்டர் வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆகியும் வீட்டுக்குள் கம்பியைத் தேடிக் கையை மேலே தூக்கிக்கொண்டுதான் நடக்கிறார். நீ எப்படி இருக்கிறாய்? சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா? கடைசியாக எப்போது எழுதினாய் என்று கேட்டுச் சண்டை பிடிக்க எனக்கு இப்போது நேரமில்லை. வீட்டில் ஒரு விஷயம் நடக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் மாப்பிள்ளை மீன் தொட்டி வாங்கி வந்திருக்கிறார். சாதாரணத் தொட்டி இல்லை, உப்புத்தண்ணீர்த் தொட்டி. ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், வீட்டில் பல்பு மாற்றச் சொன்னால் ஒரு மாதம் யோசிப்பவர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மணலைக் கழுவினார். வாளியில் உப்பைக் கலக்கினார். குண்டும் குழியுமாக ஏதோ பாறைகளைக் கொண்டுவந்து அடுக்கினார். மோட்டார் ஓடுகிறது, விளக்கு எரிகிறது. எல்லாம் இருக்கிறது, மீன் மட்டும் இல்லை.

"மீன் எங்கே?" என்றேன். "வரும்" என்றார். "எப்ப வரும்?" "தண்ணி ரெடியாகணும்."

தண்ணீர் ரெடியாவதை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பக்கத்து வீட்டு டீச்சர் வந்து தொட்டியைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்துவிட்டுப் போனார். அப்பா மட்டும் வருகிறவர்களிடமெல்லாம், "எம் பையன் வெளிநாட்டுல ஒரு ஹோட்டலுக்குள்ள கடலையே வச்சு மேய்க்கிறான். இதெல்லாம் அவனுக்குச் சுண்டைக்கா" என்று அளக்கிறார்.

என் தொழில் உனக்குத் தெரியும். கண்ணாடிக் கடைக்குக் கண் பவர் பார்க்க வருகிறவர்களில் சிலர், முன்னால் படித்தவரிடம் கேட்டு எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு ஒப்பிப்பார்கள். குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். "தண்ணி ரெடியாகணும்" என்று இவர் சொன்னது அந்தக் குரலில்தான்.

மாதக்கணக்கில் மீனே இல்லாமல் தொட்டி வைப்பது வழக்கமா? உன்னை விட்டால் கேட்க ஆளில்லை. போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

பிப்ரவரி 22

என் பூதக்கண்ணாடிக்கு,

அண்ணன் நன்றாக இருக்கிறேன். உன் கடிதம் தாமதமாகத்தான் கைக்கு வந்தது. நான் அறை மாறிவிட்டேன். பழைய அறைக்காரர்தான் அனுப்பிவைத்தார். போன் இல்லாததற்குக் காரணம் ஒன்றுமில்லை, வேலை செய்கிற இடத்தில் சிக்னல் கிடைப்பதில்லை. இனிமேல் கடிதத்தை மாப்பிள்ளையிடமே கொடுத்துவிடு. அவர் கம்பெனிக்கு இங்கே ஒரு ஆபீஸ் இருக்கிறது, வாராவாரம் தபால் பை போகிறது, வருகிறது. தபால் செலவும் மிச்சம்.

இப்போது தொட்டி. மாப்பிள்ளை செய்வதுதான் சரி. புதுத் தண்ணீரில் மீனை விட்டால் அதன் கழிவே அதற்கு விஷமாகிவிடும். அந்த விஷத்தைத் தின்கிற கிருமிகள் பாறைகளிலும் மணலிலும் குடியேற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டம் பெருகுகிற வரைக்கும் தொட்டி வெறுமனேதான் ஓட வேண்டும். சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டால் பச்சையாகும். என்றைக்கு மஞ்சளாகவே நிற்கிறதோ அன்றைக்குத் தண்ணீர் ரெடி. நடுவில் மணலெல்லாம் பழுப்பாகப் பாசி பிடிக்கும். அசிங்கமாக இருக்கும், பயப்படாதே, தானாகப் போய்விடும். அதற்குப் பிறகு நத்தைகள். அதற்கும் பிறகு ஒரே ஒரு மீன்.

முதல் தடவை வைக்கிறவர்கள் எல்லோரும் இந்த வெறும் தொட்டியைப் பார்த்துத்தான் பொறுமை இழப்பார்கள். மாப்பிள்ளை இழக்கவில்லை. அவரைத் தொந்தரவு செய்யாதே.

அப்பாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் நன்றாக இருப்பதாகச் சொல்.

அண்ணன்

*

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கிருமி வளர்க்கிறார்கள் என்றதும் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் மகன் எழுதியது என்பதால் மறுநாளே டீச்சரிடம் அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டார். முழங்கால் தேவலை. உனக்கு அந்தப் பழைய இருமல் வருகிறதா?

தொட்டி விஷயம் புரிந்தது. மாப்பிள்ளை விஷயம்தான் புரியவில்லை.

சனிக்கிழமையானால் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மீன் கடைக்குப் போகிறார். "டெஸ்ட் பண்ணணும்." சரி, பண்ணட்டும். சொட்டு மருந்துப் பெட்டி வீட்டிலேயே இருக்கிறதே, அது எதற்கு? போகும்போது டிபன் கேரியரில் மதியச் சாப்பாடு எடுத்துக்கொள்கிறார். முன்பு இரண்டு அடுக்கு, இப்போது நான்கு. "பசிக்குது" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இவர் இரண்டாம் முறை சோறு வாங்கி நான் பார்த்ததில்லை. காலையில் போனால் சாயங்காலம் வருகிறார், சட்டைக் கை நனைந்திருக்கும், கேரியர் கழுவித் துடைத்திருக்கும். இவருக்குக் கேரியர் கழுவத் தெரியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

கடை யாருடையது என்று விசாரித்தேன். ஒரு அம்மாள் தனியாக நடத்துகிறாராம். நம் வயதுதான் இருக்குமாம்.

நான் சந்தேகப்பிராணி இல்லை, அது உனக்குத் தெரியும். சரி, கொஞ்சம் சந்தேகப்பிராணிதான். ஆனால் காரணமில்லாமல் நான் சந்தேகப்பட்டதில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரைப் பரிசோதிக்க ஒரு நாள் முழுக்க ஆகுமா? நீ சொல்.

இன்னொன்று. நீ முன்பெல்லாம் கடிதம் எழுதினால் முதல் வரியிலேயே அங்கே மழையா வெயிலா என்று சொல்வாய். உன் பெரிய தொட்டியில் எந்த மீன் எந்த மீனைக் கடித்தது என்று ஒரு பக்கம் எழுதுவாய். இந்தக் கடிதத்தில் ஒன்றுமே இல்லையே.

உன் தங்கை

*

மார்ச் 2

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். இருமல் இல்லை.

வீட்டில் சொட்டு மருந்து இருந்தாலும் ஆரம்பத்தில் கடையிலும் ஒரு தடவை காட்டுவது நல்லது. நிறம் பார்ப்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். உனக்கே தெரியும். கடையில் கூட்டம் இருந்தால் நேரமாகும். மாப்பிள்ளை பழகப் பழக ஆர்வம் கூடுகிறது போல. நல்லதுதானே. வேறு ஆண்களைப் போலக் கண்ட இடத்தில் சுற்றவில்லையே.

நான்கு அடுக்குச் சாப்பாட்டை ஒரு குற்றமாக எழுதுகிற ஒரே பெண் நீதான். நன்றாகச் சமைத்தால் நன்றாகச் சாப்பிடுவார்கள்.

பழுப்புப் பாசி வந்ததா? வந்தால் துடைக்காதே. ஹீட்டர் சூடு ஏறி இறங்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அப்பா வெயிலில் அலைய வேண்டாம்.

என் தொட்டியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அண்ணன்

*

மார்ச் 24

அன்புள்ள அண்ணா,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. எனக்குத்தான் ஒரு வாரமாகத் தலைவலி, மற்றபடி எல்லோரும் சுகம். உன் பதில்கள் வரவர மின்னல் வேகத்தில் வருகின்றன. கவரில் ஸ்டாம்பும் இல்லை, முத்திரையும் இல்லை. கம்பெனிப் பை என்றால் இப்படித்தான் இருக்கும் போல.

மீன் வந்துவிட்டது. பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, சொட்டுச் சொட்டாக நம் தண்ணீரைப் பைக்குள் விட்டு, இவர் ஒரு பிரசவம் பார்ப்பதைப் போலப் பார்த்தார். ஆரஞ்சு நிறம், வெள்ளைப் பட்டை. கோமாளி மீனாம். அப்பா அதற்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார், டிக்கெட் பரிசோதகர் மாதிரியே தொட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒவ்வொரு பாறையாக நின்று பார்த்துக்கொண்டு போகிறதாம்.

வெயிலுக்குத் தண்ணீர் சூடாகக் கூடாதென்று மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்திருக்கிறார். அதிலிருந்து தொட்டித் தண்ணீர் தினமும் மளமளவென்று குறைகிறது. குறைந்தால் என்ன செய்ய வேண்டும்? இவர் ஏதோ ஊற்றுகிறார், எதை ஊற்றுகிறார் என்று நான் கவனிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து இரண்டு வாரம் வெளியூரில் புது லிஃப்ட் மாட்டப் போகிறார். தொட்டி என் தலையில். மறக்காமல் எழுது.

இப்போது முக்கியமான விஷயம். போன சனிக்கிழமை பஸ்ஸில் அந்தக் கடை வழியாகப் போனேன். இவர் வாசலில் நின்று அந்த அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார், அண்ணா. வாய்விட்டு. வீட்டில் இவர் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாகிறது. பிறகு கேரியரை எடுத்துக்கொண்டு கடையின் பின்பக்க அறைக்குப் போனார். பஸ் நகர்ந்துவிட்டது.

எங்கள் முதலாளி வேறொரு ஊரில் புதுக் கண்ணாடிக் கடை திறக்கிறார். என்னைப் பொறுப்பாகப் போகச் சொல்கிறார். ஏப்ரல் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இவரையும் அப்பாவையும் விட்டுவிட்டு எங்கே போவது, முடியாது என்றுதான் சொல்லவிருந்தேன். இப்போது போகலாம் என்று தோன்றுகிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். இவர் இங்கே தொட்டியோடும் கடையோடும் இருக்கட்டும்.

நீ என்ன சொல்கிறாயோ அதைத்தான் செய்வேன். உன் வார்த்தையை நான் என்றைக்கும் தட்டியதில்லை.

உன் தங்கை

*

மார்ச் 27

அன்புத் தங்கைக்கு,

போகாதே.

மாப்பிள்ளை தங்கமானவர். உன் கண்ணுக்குத் தெரிவதை வைத்து முடிவுக்கு வராதே. நான் இதைச் சும்மா சொல்லவில்லை. அவர் மீது எனக்கு இருக்கிற நம்பிக்கை எனக்கு என் மேலேயே இல்லை. முதலாளியிடம் முடியாது என்று சொல்லிவிடு. காரணம் கேட்காதே. அண்ணன் சொல்கிறேன், அது போதாதா?

மீனுக்குச் சாப்பாடு கொஞ்சமாகப் போடு. இடது பக்கத் துடுப்பு கிழிந்திருப்பதைப் பார்த்துக் கவலைப்படாதே, வளர்ந்துவிடும். ஆள் நடமாட்டம் அதற்குப் பழக வேண்டும், கண்ணாடியைத் தட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்.

தலைவலிக்கு நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்தவர் கண்ணைப் பார்க்கிற நீ உன் கண்ணை ஒரு தடவை பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஏப்ரல் 16

அண்ணாவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு தொட்டியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இன்ஸ்பெக்டருக்கு இடது துடுப்பு உண்மையாகவே கிழிந்திருக்கிறது. ஒரு நூல் அளவு. தினமும் பார்க்கிற எனக்கே தெரியவில்லை. நான் உனக்கு அதை எழுதவும் இல்லை. கடலுக்கு அப்பால் இருக்கிற உனக்கு எப்படித் தெரிந்தது?

அப்படியானால் இவர் உனக்குத் தனியாக எழுதுகிறார். என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறீர்கள். அந்தக் கடைக்காரம்மாள் விஷயம் உனக்குத் தெரியும், தெரிந்தே மூடி மறைக்கிறாய். கூடப் பிறந்தவள் நானா, அவரா? "காரணம் கேட்காதே" என்று எழுதியபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். உன் கடிதங்கள் இப்போதெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு எழுத்துப் படிக்கிறவரின் குரலில்தான் இருக்கின்றன.

இதுவரைக்கும் எனக்கு ஒருவர் மேல்தான் சந்தேகம் இருந்தது. இப்போது இரண்டு பேர். புதுக் கடைக்குப் போகிறேன் என்று திங்கட்கிழமை முதலாளியிடம் சொல்லப் போகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இவர் இன்று காலை ஊரிலிருந்து வந்தார், குளித்தார், தொட்டி பக்கம் திரும்பக்கூட நேரமில்லாமல் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தையும் வழக்கம்போல இவர் கையிலேயே கொடுக்கிறேன். ஓரம் முழுக்கப் பசை தடவி ஒட்டியிருக்கிறேன், பிரித்தால் தெரியும்.

தண்ணீர் குறைந்தால் என்ன செய்வதென்று கேட்டேன், நீ பதிலே எழுதவில்லை. நானே பார்த்துக்கொண்டேன். தினமும் வாளியில் உப்புத்தண்ணீர் கலக்கி, குறைந்த அளவுக்கு ஊற்றி வருகிறேன். கடல் அல்லவா, கஞ்சத்தனம் எதற்கு என்று ஒரு கை கூடவே போடுகிறேன். இருந்தாலும் நத்தைகள் இரண்டு நாளாக அசையவில்லை. மீன் ஒரு மூலையில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. அதற்கும் என் மேல் கோபம் போல.

தங்கை

*

ஏப்ரல் 16

பூதக்கண்ணாடி,

உப்பு போடாதே. இனி ஒரு துளி உப்புத்தண்ணீர் ஊற்றாதே. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்தால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நல்ல தண்ணீர் மட்டும்.

மாப்பிள்ளையிடம் இரண்டு கேன் நல்ல தண்ணீர் கொடுத்திருக்கிறேன். ஒரு குவளை தொட்டித் தண்ணீரை எடு, ஒரு குவளை இதை ஊற்று. ஒரேயடியாக ஊற்றாதே, மெதுவாக. உப்பு அளக்கிற முள் பச்சைக் கோட்டுக்கு வரும் வரைக்கும் இப்படியே செய்யுங்கள். மீன் மூச்சு வாங்குவது குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு.

உன் தப்பு இல்லை. நான் எழுதியிருக்க வேண்டும்.

*

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணா,

முதலில் நல்ல செய்தி. இன்ஸ்பெக்டர் பிழைத்துவிட்டார். மறுபடியும் டிக்கெட் கேட்க ஆரம்பித்துவிட்டார். ஒரு நத்தை மட்டும் போய்விட்டது. அப்பா டார்ச் பிடிக்க, இவர் குவளை குவளையாக எடுத்து ஊற்ற, நான் முள்ளைப் பார்த்துச் சொல்ல, அன்று சாயங்காலம் வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது.

அன்று காலை கொடுத்த கடிதத்துக்கு அன்று சாயங்காலமே பதில் வந்தது. இவர் இரண்டு கேன்களோடு ஓடி வந்து, சட்டைப் பையிலிருந்து உன் சீட்டை எடுத்து என் கையில் திணித்துவிட்டுத் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார். நீ எழுதிய அவசரத்தில், இவர் ஓடிவந்த அவசரத்தில், நம் நடுவே ஒரு கடல் இருக்க வேண்டும் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள். சீட்டின் மை விரலில் ஒட்டியது. முதலில் மீன் பிழைக்கட்டும் என்று குவளையைக் கையில் எடுத்தேன்.

இன்று சனிக்கிழமை. அரை நாள் லீவு போட்டுவிட்டு, இவரைக் கேரியரோடு அனுப்பிவிட்டு, சற்று நேரம் கழித்து நானும் அந்தக் கடைக்குப் போனேன்.

டயர் கடைக்கும் பேப்பர் கடைக்கும் நடுவே ஒடுக்கமாக இருக்கிறது. உள்ளே போனால் உடம்பு பிசுபிசுக்கிறது, எங்கே திரும்பினாலும் மோட்டார் சத்தம். கடைக்காரம்மாள் வலையால் எதையோ பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மூக்குக் கண்ணாடியில் இருந்த கீறலைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. ஒரு நத்தை வேண்டும் என்றேன். அவர் அதைத் தேடும்போது, பின்பக்கக் கதவுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியைப் பார்த்தேன். அதன் மேல் நம் கேரியர் இருந்தது. கேரியர் மூடி மேல் மடக்கிய ஒரு மூக்குக் கண்ணாடி.

கறுப்பு ஃப்ரேம். ஓரம் தடித்த லென்ஸ். இடது காதுக் கம்பியில் மட்டும் தங்க நிறத் திருகாணி. நீ புறப்படுகிற அவசரத்தில் கறுப்புத் திருகாணி கிடைக்காமல் நானே மாட்டினேனே, அதுதான். நான் ஆயிரம் கண்ணாடி செய்திருப்பேன், அந்த மாதிரி ஒன்றைத்தான் செய்தேன்.

"இது யாரோட கண்ணாடி?" என்று கேட்டேன்.

"உள்ள ஒருத்தர் இருக்காரும்மா. வெளிநாட்டுல பெரிய ஹோட்டல்ல தொட்டி பாத்துக்கிட்டவரு. அங்க நல்ல தண்ணி பீப்பாவும் உப்புத்தண்ணி பீப்பாவும் ஒரே மாதிரி இருக்குமாம். தண்ணி கொறஞ்சா ஏத்துற குழாயப் போயி உப்புப் பீப்பாவுல மாட்டிட்டாராம். யாரும் சரிபாக்கல. அத்தன மீனும் போச்சு. வேலையும் போச்சு. வீட்டுக்குப் போக மூஞ்சி இல்லன்னு இங்க வந்து கெடக்காரு. கல்லு தேய்ப்பாரு, வாளி கழுவுவாரு. மீன் இருக்குற தொட்டியில மட்டும் கை வைக்க மாட்டாரு. அந்த லிஃப்ட்காரரு வந்து தன் தொட்டியப் பத்திக் கேட்டாத்தான் வாயே தெறப்பாரு. அவரு வீட்டுக்குப் போன கோமாளிய மட்டும் பத்துத் தடவ பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தாரு."

கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நீ குந்தி உட்கார்ந்து பாறை தேய்த்துக்கொண்டிருந்தாய். இவர் உன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ சொன்னார். நீ சிரித்தாய். முதுகு குலுங்கியதை வைத்துத்தான் சொல்கிறேன், முகம் தெரியவில்லை. முதுகு இளைத்துவிட்டது, அண்ணா.

கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பியிருப்பாய். கண்ணாடி இல்லாமல் யாரென்று தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்திருப்பாய். அந்தப் பார்வையைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. நத்தையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் நத்தைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர் அது செத்துவிட்டது என்று நினைத்து ஆறுதல் சொன்னார்.

கிருமியைப் பற்றி எழுதினாய், பாசியைப் பற்றி எழுதினாய், துடுப்பைப் பற்றிக்கூட எழுதினாய். தண்ணீர் குறைந்தால் என்ன செய்வதென்று மட்டும் எழுதவில்லை. ஏன் உன் கை அங்கே போகவில்லை என்று இப்போது புரிகிறது. என் முதல் கடிதம் பாவம், கடல் தாண்டி உன்னைத் தேடிப் போய், உன் பின்னாலேயே திரும்பி இந்த ஊருக்கு வந்திருக்கிறது.

இவர் மேல் நான் பட்ட சந்தேகத்தை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் மேல் கோபமும் இருக்கிறது, அது தனி. எத்தனை மாதமோ, என் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்துகொண்டு என்னிடம் "மழையா வெயிலா" என்றுகூடச் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறாய்.

நாளைக்கு வீட்டுக்கு வா.

உன் தங்கை

*

ஏப்ரல் 22

பூதக்கண்ணாடிக்கு,

மாப்பிள்ளை உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நேற்று முழுக்கக் கடை வாசல் வரைக்கும் வருவதும் உள்ளே போவதுமாக இருந்தேன். வர முடியவில்லை.

அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது. அடுத்த கட்டடத்தில் லிஃப்ட் பார்க்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். யாருக்கும் சொல்லக் கூடாதென்று நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பாவுக்குச் சொல்லாதே. ஹோட்டலுக்குள் கடல் வைத்திருக்கிற மகனாகவே நான் இருந்துவிட்டுப் போகிறேன். அதைத் தவிர அவரிடம் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லை.

நீ சுகமாக இரு.

*

ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணா,

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவதானால் நேரில் வந்து திட்டு.

முதலில் இவரைக் கேட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?" "மச்சான் சத்தியம் வாங்கிட்டாரு." "தொட்டி எதுக்கு வாங்கினீங்க?" "அவரு எந்தத் தொட்டியையும் தொட மாட்டேன்னாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிக் குடுங்கன்னா பேசுவாருன்னு தோணுச்சு. வேற எப்படிப் பேச வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல." இந்த மனுஷன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. புதுக் கடைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பீப்பாய் உட்பட. அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நீ எதிர்பார்ப்பது போல எதுவும் சொல்லவில்லை. டீச்சர் என்ன நினைப்பார் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவன் அங்க என்ன சாப்பிடுறான்?"

"நம்ம வீட்டுச் சாப்பாடுதாம்பா. சனிக்கெழம சனிக்கெழம."

"மத்த நாளு?"

அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, கம்பியைத் தேடுகிற கையை மேலே தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டார். கடை எங்கே இருக்கிறதென்று கேட்டார். முழங்காலைச் சொல்லி உட்கார வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வராவிட்டால் அவர் வருவார். இரண்டு பஸ் மாறி, அந்த முழங்காலோடு.

தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற வேண்டிய நாளும் அதுதான். எப்படி மாற்றுவதென்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது.

உன் தங்கை

*

ஏப்ரல் 28

அன்புள்ள அப்பாவுக்கும் தங்கைக்கும்,

இங்கே காலையிலிருந்து தூறல். ஜன்னலைத் திறந்து பாருங்கள், அங்கேயும் அதேதான்.

அப்பா கிளம்ப வேண்டாம். மாப்பிள்ளை ஸ்கூட்டரோடு வந்திருக்கிறார், நானே வருகிறேன். இந்தச் சீட்டைக் கடைக்காரம்மா பேப்பர் போடுகிறவரிடம் முன்னாலேயே கொடுத்தனுப்புகிறார். நான் வாசலில் வந்து நிற்கும்போது யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நேராகத் தொட்டிக்குப் போய்விடுகிறேன். வேலையை முடித்துவிட்டுப் பேசுகிறேன்.

இரண்டு கேன் கொண்டுவருகிறேன். ஒன்றில் புதிதாகக் கலக்கிய உப்புத்தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். இரண்டும் ஒரே நிறக் கேன்கள். மூடியைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டேன். மாப்பிள்ளையையும் பார்க்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டும்.